ஒன்றாம் தேதி ஒருவர்

விடு, விடு, மாற்று, விடு என்று செல்வநாயகி தட்டிக்கொண்டே போனாள். பதினோராயிரத்து நானூறு லிங்க்குகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம், கட்டத்துக்குள் இரண்டில் ஒரு சொல். பெரும்பாலானதை ஷீட்டே கணக்குப் போட்டு நிரப்பிவிட்டது. சந்தேகமாக நின்ற முந்நூற்றுச் சொச்சத்தை மட்டும் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இன்று இரண்டாம் தேதி, நாலு மணிக்கு மீட்டிங், இப்போது மணி இரண்டரை. 'வண்டிவருது' என்பது அவர்கள் ஆப்பின் பெயர். தனியார் பஸ் டிக்கெட்டுகளை அதில் எடுக்கலாம். எஸ்எம்எஸ்ஸில் போனவை, ஏஜெண்டு கடைகளில் ஒட்டியவை, பஸ் இருக்கைகளின் முதுகில் கறுப்புக் கட்டமாக, க்யூஆர் கோடாக அச்சடித்தவை என்று ஆறு வருடத்தில் சேர்ந்த லிங்க்குகள் இவை. தொட்டால் போதும், ஆப்பைத் திறந்து, உங்கள் சீட் இது, உங்கள் வண்டி இப்போது பெருந்துறை தாண்டிவிட்டது என்று நேரே அந்தப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தும். ஆப் இல்லாத போன் என்றால் முதலில் இறக்கச் சொல்லும். இறக்கி முடித்த பிறகும் இந்த ஆள் எதற்காகக் கிளம்பினார் என்பதை மறக்காமல் அதே பக்கத்தில் கொண்டுபோய் விடும். இந்த வித்தை இவர்களுடையதல்ல. கடல் தாண்டி எங்கோ இருக்கிற ஒரு பெரிய கம்பெனி இலவசமாகக் கொடுத்தது. ஊரே அதை நம்பி வீடு கட்டிக்கொண்டது. பிறகு ஒரு நாள் நாலு வரி மெயிலில் கையைக் கழுவிவிட்டார்கள், ஆகஸ்ட் இருபத்தைந்தோடு சரி என்று. அதற்குப் பிறகு பழைய லிங்க்கை யார் தொட்டாலும் 'பக்கம் இல்லை' என்று வரும். அதற்குள் வேறு ஏற்பாடு செய்து, வேண்டியதை மாற்றிக்கொண்டு, வேண்டாததை விட வேண்டும். எது வேண்டியது, எது வேண்டாதது என்ற திட்டத்தைப் போடுவதுதான் நாயகிக்கு இந்த வாரத்து வேலை.

விடு என்ற சொல்லை அவளேதான் வைத்தாள். வேறு கம்பெனியாக இருந்தால் வாயில் நுழையாத ஓர் ஆங்கிலச் சொல்லை எழுதியிருப்பார்கள். முதலாளி பொன்னுசாமி அண்ணன் இருபது வருடம் பஸ் ஓட்டி, பிறகு பஸ் வாங்கி, பிறகு ஆப்புக்கு வந்தவர். புரியாத சொல்லைப் பார்த்தால் ஷீட்டை மூடிவிடுவார். அதனால் மாற்று, விடு. எழுதும்போது சாதாரணச் சொல்லாகத்தான் இருந்தது. நூறாவது முறை தட்டும்போது அது யாரோ காதோரம் சொல்வது போல ஆகிவிட்டது. விடும்மா. விடு நாயகி, வருவான். விடு, எத்தனை நாளைக்கு இப்படியே உக்காந்திருப்பே. பெரியப்பா சொன்னார், மாமியார் சொன்னார், போலீஸ் ஸ்டேஷனில் எழுத்தர்கூட, பாவம், நல்ல மனுஷன், டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொன்னார். சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் எதை விடச் சொல்கிறார்கள் என்பதை அவர்களில் ஒருவரும் சொன்னதில்லை. ஜன்னலுக்குக் கீழே சத்தி ரோட்டில் ஆம்னி பஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தார் ரோட்டில் விழுந்த தண்ணீர் வெயிலில் உடனே காய்ந்தது. திருவண்ணாமலை பௌர்ணமி ஸ்பெஷல், விடு. கரூர் ஏஜெண்டு கடை, கடையையே மூடிவிட்டார்கள், விடு. வேளாங்கண்ணி வண்டி, போன வாரம்கூட நாற்பது பேர் தொட்டிருக்கிறார்கள், மாற்று. அடுத்து ஏழாயிரத்து முந்நூற்றுப் பதினாறாவது வரி. மற்ற லிங்க்குகளின் வாலில் எல்லாம் பொருளில்லாத எழுத்துகள் கலைந்து கிடக்கும். இதன் வாலில் மட்டும் ஒரு பெயர், வேந்து.

அந்த வரி வரும் என்று காலையிலிருந்தே தெரியும். வந்ததும் கை நின்றுவிட்டது. கார்வேந்தன் என்பது தம்பியின் முழுப்பெயர், வீட்டுக்கு வேந்து. நாலு வருடத்துக்கு முந்தைய ஒரு பிப்ரவரி செவ்வாய்க்கிழமை, மூன்று பத்துக்கு, இதோ இந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரிகிற இதே இடத்திலிருந்து சேலம் பஸ்ஸில் ஏறினான். சீட் இருபத்து மூன்று. அக்கா வேலை செய்யும் ஆப்பில் எடுத்த டிக்கெட். சங்ககிரியில் டீக்கு நிறுத்தியபோது இறங்கினான், திரும்ப ஏறவில்லை. கண்டக்டர் பத்து நிமிடம் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டதும் கிளம்பச் சொல்லிவிட்டார். பை சீட்டிலேயே இருந்தது. இரண்டு சட்டை, சார்ஜர், பாதி தின்ற ஒரு பிஸ்கட் பாக்கெட். சண்டையில்லை, காதலில்லை, கடிதமில்லை. பம்ப்செட் கம்பெனியில் வேலை போய் ஐந்து மாதமாக வீட்டில் இருந்தான், அதிகம் பேசுவதில்லை, தூங்குவதில்லை, அவ்வளவுதான் தெரியும். அந்த அவ்வளவுதானுக்குள் என்ன இருந்தது என்று கேட்க நேரமிருந்தது. ஐந்து மாதம் நேரமிருந்தது. பஸ் ஏறுவதற்கு முன்னால் போன் செய்தான். அக்கா, பிசியா? மீட்டிங்ல இருக்கேன்டா, அப்பறம் கூப்படறேன். இந்த மாடியில்தான் இருந்தாள். பார்த்திருக்கலாம். எழுந்து நாலு எட்டு வைத்து ஜன்னலுக்கு வந்திருந்தால் அவன் தலையைப் பார்த்திருக்கலாம். அப்போது அவள் ஏஜெண்டுகள் பன்னிரண்டு பேரை உட்கார வைத்து இந்த லிங்க் விஷயத்தைத்தான் விளக்கிக்கொண்டிருந்தாள். எங்கிருந்து தொட்டாலும் சரிங்க, நடுவுல எங்க நின்னாலும் சரிங்க, சேர வேண்டிய இடத்துல கொண்டுபோய்ச் சேர்த்திரும். பிசியா என்று கேட்டான். என்னவோ சொல்ல வேண்டும் என்றுகூட அவன் சொல்லவில்லை.

பொன்னுசாமி அண்ணன் அப்போது பெரிய உபகாரம் செய்தார். இருநூற்றுப் பன்னிரண்டு வண்டிகளில், ஒவ்வொரு சீட்டின் முதுகிலும், வேந்துவின் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார். படத்துக்குக் கீழே கறுப்புக் கட்டம். போனைக் காட்டினால் இந்த லிங்க், லிங்க்கைத் தொட்டால் ஒரு பக்கம், பக்கத்தில் 'இவரைப் பார்த்தீர்களா?' என்ற கேள்வி, கீழே 'பார்த்தேன்' என்று ஒரே ஒரு பொத்தான். எத்தனை பேர் லிங்க்கைத் தொட்டார்கள் என்பதை அந்தப் பெரிய கம்பெனி தேதிவாரியாக எண்ணிக் காட்டும், மறுநாள் தெரியும். முதல் மாதம் முந்நூற்றுப் பன்னிரண்டு. அடுத்த மாதம் தொண்ணூறு. பதினேழு. நான்கு. பொத்தானை அழுத்தியவர்கள் ஆறு பேர், ஆறும் வேறு யாரோ. ஈரோட்டுக்கு ஓடினாள், தர்மபுரிக்கு ஓடினாள், வேறு யாரோ. பிறகு ஸ்டிக்கர்கள் கிழிந்தன, சீட் உறைகளை மாற்றினார்கள், சில வண்டிகளை விற்றுவிட்டார்கள். எண்ணிக்கை இறங்கி இறங்கி, மாதத்துக்கு ஒன்று என்று வந்து, அங்கேயே நின்றுகொண்டது. இறங்கவே இல்லை. மாதம் தவறாமல் ஒருவர், அதுவும் ஒன்றாம் தேதி. அன்னூரில் இருக்கும் அம்மா ஒவ்வொரு இரண்டாம் தேதியும் மத்தியானம் நாலு மணிக்குள் கூப்பிடுவாள். பாத்தானா கண்ணு? ஒருத்தர் பாத்திருக்காங்கம்மா. ஒருத்தர் என்ன ஒருத்தரு, எம் பையன்தான் அது, ஒன்னாந்தேதி சம்பளம் வாங்குன கையோட பாக்கறான், எங்கியோ வேலையில இருக்கறான், நல்லா இருக்கறான். நாயகி ஒருமுறைகூட ஆமாம் என்று சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. ஆனால் அந்தப் பக்கத்தை அவளோ அம்மாவோ தொடவே கூடாது என்று வைத்திருந்தாள். நாம தொட்டா எண்ணிக்கை கெட்டுப் போயிருங்கம்மா, யாரு பாத்தாங்கன்னு தெரியாமப் போயிரும். அம்மா அதை விரதம் போலப் பிடித்துக்கொண்டாள். நாலு வருடம், பெற்ற மகனின் படம் கைக்குள் போனிலேயே இருந்தும், ஒரு தரம் தொடவில்லை.

மூன்றேகாலுக்கு இஸ்மாயில் நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். டெஸ்டிங் அவர் பொறுப்பு. எதைக் கொடுத்தாலும் உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் நல்லது என்று சொல்வார்.

"விதி என்ன வெச்சிருக்கீங்க?"

"ஆறு மாசத்துல ஒரு ஆளாச்சும் தொட்டிருந்தா மாற்று. யாருமே தொடலைன்னா விடு."

"ஆள்னா மனுசங்கதானே?"

"பின்னே?"

"அந்த ஒன்னாந்தேதி செக் ஓடுதல்லங்க, நீங்க எழுதுனது. மாசா மாசம் பட்டியல்ல இருக்கற லிங்க்கை எல்லாம் ஒருக்கா திறந்து பாக்குமே. அதையும் ஆளுன்னு எண்ணிட்டு இருக்கும். கழிச்சீங்களா?"

கழிக்கவில்லை. ஓ, ஆமாங்க, என்றாள். குரல் சாதாரணமாகத்தான் வந்தது. அது அவளே எழுதிய சின்ன நிரல். யாரோ ஒரு பயணி லிங்க் திறக்கவில்லை என்று சத்தம் போட்டதும், இனிமேல் அப்படி நடக்கக் கூடாது என்று எழுதினாள். ஆப் உண்மையிலேயே திறக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் அது நிஜமான போன் போலவே வேஷம் கட்டிக்கொண்டு போக வேண்டும், அப்படியே எழுதினாள், கெட்டிக்காரி. வேந்துவின் லிங்க்கை அந்தப் பட்டியலில் சேர்த்ததும் அவள்தான். அவன் போன பத்தாம் நாள், ஸ்டிக்கர் அச்சுக்குப் போன அன்றே. இது மட்டும் உடைந்துவிடக் கூடாதே என்று எல்லாவற்றுக்கும் முதலில் சேர்த்தாள். கழிக்க ஒரே ஒரு வரி போதும். தட்டினாள். ஷீட் முழுக்க எண்கள் ஒருமுறை சிலிர்த்துக்கொண்டு இறங்கின. வேளாங்கண்ணி இருநூற்று எட்டிலிருந்து இருநூற்று இரண்டு. ஏழாயிரத்து முந்நூற்றுப் பதினாறில் ஆறு இருந்தது, ஆறும் போய் பூஜ்யம் வந்தது. பக்கத்துக் கட்டத்தில் ஷீட்டே விடு என்று எழுதிக்கொண்டது. இஸ்மாயில் அதைப் பார்த்தாரோ இல்லையோ, நாற்காலியை மெதுவாக உருட்டிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டார்.

அவள் இன்னும் பின்னால் போனாள். ஆறு மாதம் போதாது, எல்லா மாதத்தையும் கழித்துப் பார்த்தாள். கடைசியாக ஒரு மனிதர் தொட்டது மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு ஜூன் மாதம். ஒரே ஒருவர், வியாழக்கிழமை. அவரும் யாரோ, பஸ்ஸில் பொழுது போகாமல் முன்சீட்டின் முதுகைப் போனில் பிடித்துப் பார்த்த யாரோ. அதற்குப் பிறகு முப்பத்தேழு மாதம். ஒருவருமில்லை. முப்பத்தேழு முறை அம்மாவிடம் ஒருத்தர் பாத்திருக்காங்கம்மா என்று சொல்லியிருக்கிறாள். அந்த ஒருவர் அவள்தான். அவள்கூட இல்லை, அவள் எழுதிவைத்த அறுபது வரி. தெரியாமலா இருந்தது? பதினோராயிரம் லிங்க்கில் எதற்கு எங்கே என்ன வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவள், ஒன்றாம் தேதி ஒன்று, ஒன்றாம் தேதி ஒன்று என்று கண்முன்னே வரிசையாக நின்றதைப் பார்த்துவிட்டு, சம்பளம் என்று அம்மா சொன்னதை எப்படி நம்பினாள்? ஒரு ஜனவரி ஒன்றாம் தேதி ஆபீஸில் கரண்ட் போய் செக் மறுநாள் ஓடியது. அந்த மாதம் வேந்துவும் இரண்டாம் தேதிதான் பார்த்தான். புது வருஷத்துக்கு லீவு விட்டிருப்பாங்க, சம்பளம் ஒரு நாள் தள்ளிப் போயிருக்கும் என்றாள் அம்மா. நாயகியும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். இல்லை, நினைக்கவில்லை. நினைக்கப் போன ஒரு எண்ணத்தை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாள், அது இப்போது நன்றாக ஞாபகம் வருகிறது. அப்படியென்றால் தெரியும். தெரியாது. தெரியும், ஆனால் கேட்கவில்லை, வேந்துவிடம் கேட்காத மாதிரியே. விரல் படக் கூடாது, கணக்கு கெட்டுவிடும் என்று பெற்றவளைத் தடுத்து வைத்தாளே, அதை நினைத்தபோதுதான் கண் நிறைந்தது. எழுந்து தண்ணீர் பிடிக்கிற இடத்துக்குப் போய், பாட்டில் நிரம்பி வழிவது தெரியாமல் நின்றாள். யாரோ குழாயை மூடினார்கள். திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

சொல்லிவிடலாம். அம்மா, அது அவன் இல்லை, அது எந்த ஆளும் இல்லை, நான் எழுதின ஒரு மெஷின். அம்மாவுக்குப் புரியும், நாலு வருடத்தில் லிங்க், ஸ்கேன் எல்லாம் அம்மாவுக்கு அத்துப்படி. புரிந்தால் என்ன ஆகும்? அதை நாயகி வார்த்தை வார்த்தையாக ஓட்டிப் பார்த்தாள். இந்த மாதம் பார்க்கவில்லை என்று சொன்னால் அம்மா கேட்கப் போகும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். போன மாசம் பாத்தவன் இந்த மாசம் ஏன் பாக்கலே? அதற்கு அம்மாவிடம் ஒரு பதில்தான் இருக்கும். எந்த மாதமும் பார்த்ததே இல்லை என்று சொன்னாலோ, முப்பத்தேழு மாதமும் சேர்ந்து ஒரே மத்தியானத்தில் இடிந்து விழும். வேலையிலிருந்த மகன், சம்பளம் வாங்கிய மகன், நல்லா இருக்கிற மகன், எல்லோரும் ஒரேயடியாகப் போவார்கள். சங்ககிரி டீக்கடை வாசல் மட்டும் மிஞ்சும். அம்மாவுக்கு அறுபத்தெட்டு. சர்க்கரை வேறு. ஆனால் சொல்லாவிட்டால் இனி ஒவ்வொரு இரண்டாம் தேதியும் தெரிந்தே சொல்வது. இதுவரை சொன்னது பொய்யில்லை என்று அவளால் வாதாட முடியும், அரைகுறையாகவாவது முடியும். இனிமேல் முடியாது. வேண்டாம் என்று விட்டுவிட்டாலோ, ஆகஸ்ட் இருபத்தைந்துக்குப் பிறகு, எங்கோ ஒரு ஷெட்டில் நிற்கும் பழைய வண்டியில், கிழியாமல் மிஞ்சிய ஒரு ஸ்டிக்கரின் மேல் யாராவது போனைப் பிடித்தால் பக்கம் இல்லை என்று வரும். அவனே பிடித்தால்? அவனே ஒரு நாள் தன் முகத்தின் மேல் போனைப் பிடித்து, பக்கம் இல்லை என்று படித்தால்? அந்த நினைப்பு வந்ததும் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். வரமாட்டான் என்று தோன்றுவதைவிட, வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவான் என்று தோன்றுவது தாங்க முடியாததாக இருந்தது. மூன்று நாற்பது. பொன்னுசாமி அண்ணனின் செருப்புச் சத்தம் படியில் கேட்டது. அண்ணனிடம் சொன்னால் விதியாவது மண்ணாவது, மாத்தும்மா என்றுதான் சொல்வார். அதற்கு முன்னால் ஒரு நொடி அவர் முகம் இரக்கத்தில் மாறும். அதைப் பார்க்கத்தான் அவளுக்குத் தெம்பில்லை.

முதலில் செக்கின் பட்டியலைத் திறந்தாள். மேலேயே, முதல் வரியில், வேந்து இருந்தான். எடுத்தாள். இனி எந்த மெஷினும் அவனைப் போய்ப் பார்க்காது. பிறகு போனை எடுத்து, இத்தனை நாள் தொடாமல் வைத்திருந்த அந்த முகவரியை வரவழைத்து, ஆள்காட்டி விரலால் தொட்டாள். ஒரு கணம் வெள்ளையாக இருந்தது. பிறகு ஆப் திறந்து, எங்கும் வழி தவறாமல், நேராக அவனிடம் கொண்டுபோய் நிறுத்தியது. வேந்து சிரித்துக்கொண்டிருந்தான். அத்தை மகள் கல்யாணத்தில் எடுத்த படம், தோளில் யாருடைய கையோ பாதி தெரிந்தது. அது தன் கைதான் என்பதே அவளுக்கு மறந்திருந்தது. இவரைப் பார்த்தீர்களா? கீழே ஒற்றைப் பொத்தான். இல்லை என்று சொல்ல ஒரு பொத்தான் வைக்கவில்லை, அன்றைக்கு அது தேவைப்படும் என்று தோன்றவில்லை. பக்கத்தை மூடவும் மனமில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாளைக்கு எண்ணிக்கையில் ஒன்று ஏறும். மனிதர் ஒருவர். விதிப்படியே சரி. இடது கையால் ஷீட்டில் அந்தக் கட்டத்துக்குப் போய், விடு என்பதை அழித்து, மாற்று என்று தட்டினாள். தட்டி முடிக்கும்போது படத்தின் மேலேயே அம்மாவின் பெயர் வந்து போன் அதிர்ந்தது.

"பாத்தானா கண்ணு?"

"பாத்திருக்காங்கம்மா. ஒருத்தர்."

அம்மா மூச்சு விட்டது கேட்டது. "நேத்திருந்து மனசே செரியில்ல கண்ணு. என்னமோ இந்த மாசம் பாக்காம விட்டுருவானோன்னு இருந்துச்சு. நேத்துத்தானே பாத்தான்?"

"இல்லீங்கம்மா. இன்னைக்குத்தான். இப்பத்தான், மூணே முக்காலுக்கு." அவள் சொன்னதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை.

"இன்னைக்கா?" அம்மா யோசித்தாள். அந்தப் பக்கம் எங்கோ ஒரு மிக்ஸி ஓடி நின்றது. "மூணே முக்காலா? செரி செரி. அப்பச் சாப்பிட்டிருப்பான்."

கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பொன்னுசாமி அண்ணன் மீட்டிங் அறைக்கு வரச் சொல்லிக் கையைக் காட்டினார். நாயகி தலையசைத்தாள்.

"சாப்பிட்டிருப்பானுங்கம்மா" என்றாள்.